வெள்ளை அடைப்பா, வெள்ளி அடைப்பா? சொத்தைப் பல்லை அடைப்பதற்கு முன் எழும் கேள்விகள்

சொத்தையைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைத்துவிடலாம் என்று பல் மருத்துவர் சொன்ன கையோடு, "எந்த ஃபில்லிங் போடலாம்?" என்ற கேள்வியும் வந்துவிடும். பாதி வாய் மரத்துப்போய், நாற்காலியில் மல்லாந்து கிடக்கும்போது அதை நிதானமாக யோசிக்க முடியாது. வீட்டிலிருந்தே படித்துவிட்டுப் போக வசதியாக, நோயாளிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளி அடைப்பில் நிஜமாகவே வெள்ளி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதில் அதிகம் இருப்பது பாதரசம்தான். எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதிப் பாதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு சேர்ந்த உலோகப் பொடி. சிலவற்றில் துளி துத்தநாகமும் உண்டு. பாதரசமும் பொடியும் ஒரே குப்பியில் தனித்தனி அறைகளில் இருக்கும். இயந்திரத்தில் வைத்துச் சில விநாடிகள் குலுக்கினால் இரண்டும் கலந்து, பிசைந்த மெழுகு போல ஆகும். அதைப் பல்லின் குழிக்குள் வைத்து நன்றாக அழுத்தி, மேற்பரப்பைச் செதுக்கிவிடுவார்கள். இதற்கு அமால்கம் என்று பெயர்.

1800களின் முற்பகுதியிலிருந்தே இது புழக்கத்தில் இருக்கிறது. 1890களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் உலோகங்களின் விகிதத்தை ஒழுங்குபடுத்தினார். 1960களில் செம்பைக் கூட்டியபோது, ஓரம் பொடிந்து போகும் குறை பெருமளவு நீங்கியது. இவ்வளவு காலம் நோயாளிகளின் வாயிலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட அடைப்புப் பொருட்கள் அதிகம் இல்லை.

பல் நிற அடைப்பு எதனால் ஆனது?

வழக்கமாக 'வெள்ளை ஃபில்லிங்' என்று சொல்வது காம்போசிட். ரெசின் என்ற பிசினுக்குள் மிக நுண்ணிய கண்ணாடி, சிலிக்கா துகள்களைக் கலந்து செய்வது. பலத்தைத் தருவது துகள்கள், அவற்றைப் பிடித்துவைப்பது பிசின். நீல ஒளி பட்டதும் இறுகிவிடும்.

இது பல்லில் ஒட்டுவதற்கு வழிசெய்தது 1955இல் மைக்கேல் புவனகோர் என்பவர் வெளியிட்ட ஆய்வு. பல்லின் கடினமான மேலோடான எனாமலின் மேல் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவிக் கழுவினால் அதன் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் விழும், பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று அவர் காட்டினார். அப்புறம் 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் இன்றைய காம்போசிட்டுக்கு அடிப்படையான பிசினை உருவாக்கினார்.

பல் நிறத்தில் இன்னொன்றும் உண்டு: கிளாஸ் அயனோமர். காம்போசிட் அளவுக்குப் பலமோ பளபளப்போ இல்லை. ஆனால் பசை எதுவும் தடவாமலேயே பல்லில் ஒட்டும், கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும், ஃபுளோரைடையும் மெல்ல மெல்லக் கசியவிடும். எங்கே இது உதவும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

எது அதிக நாள் உழைக்கும்?

கடைவாய்ப் பல்லில், சராசரியாகப் பார்த்தால், வெள்ளி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த ஆய்வுத் தொகுப்பின்படி, பின்பற்களில் போட்ட காம்போசிட் அடைப்புகள் அமால்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகத் தோற்றுப்போயின. தோற்றதற்கு முக்கியக் காரணம் அடைப்பு உடைந்தது அல்ல. உடைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடைப்பின் ஓரத்தில் மறுபடியும் சொத்தை விழுந்ததுதான் காரணம்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம். அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்த முக்கிய ஆய்வுகள் பள்ளி வயதுக் குழந்தைகளிடம், இருபது வருடங்களுக்கும் முன்னால் கிடைத்த பொருட்களை வைத்துச் செய்யப்பட்டவை. குழந்தைகளின் வாயை உலர்வாக வைப்பது சிரமம், சொத்தை வரும் வேகமும் அவர்களிடம் அதிகம். இன்றைய பசைகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. சொத்தை எளிதில் வராத பெரியவரின் வாயில், கவனமாகப் போட்ட காம்போசிட் பத்து வருடங்களைத் தாண்டி நிற்பது இப்போது சாதாரணம்.

என்னைக் கேட்டால், பொருளைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று. குழி எவ்வளவு பெரியது? அதன் ஓரம் ஈறுக்கு எவ்வளவு கீழே போகிறது? போடும் நேரம் முழுக்க அந்த இடத்தை உலர்வாக வைத்திருக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் சாதகமான பதில் இருந்தால் வெள்ளையைத் தயங்காமல் போடலாம். ஈறுக்கடியில் இரத்தமும் எச்சிலும் கசிந்துகொண்டே இருக்கும் இடத்தில், அழகுக்காக வெள்ளையைப் போட்டு மூன்றாவது வருடமே ஓரத்தில் சொத்தையோடு திரும்பி வருவதில் யாருக்கும் லாபம் இல்லை.

அப்படியென்றால் ஏன் எல்லா இடத்திலும் வெள்ளையையே போடுகிறார்கள்?

பார்க்க நன்றாக இருக்கும் என்பது வெளியில் தெரியும் காரணம். மருத்துவர்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. அமால்கம் பல்லில் ஒட்டாது. அது விழாமல் நிற்க, குழியின் உள்பக்கத்தை அதன் திறப்பைவிட அகலமாகக் குடைய வேண்டும். சொத்தை மேலோட்டமாக இருந்தாலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் உடைந்துவிடும். அதற்காக நல்ல பல்லையும் சேர்த்துச் செதுக்க வேண்டியிருக்கிறது. காம்போசிட்டுக்குச் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. ஆகவே சின்னச் சொத்தைக்கு, அதுவும் முதல் தடவை அடைக்கும் பல்லுக்கு, என் வாக்கு எப்போதும் வெள்ளைக்குத்தான்.

பாதரசத்தைக் குறைக்க வேண்டும் என்ற சட்டங்களும் இன்னொரு காரணம்.

வாயில் இருக்கும் பாதரசம் உடம்புக்குள் போகாதா?

மிகச் சிறிய அளவில் போகிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. மெல்லும்போதும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும்போதும், அடைப்பின் மேற்பரப்பிலிருந்து பாதரச ஆவி கொஞ்சம் வெளியாகும். வாயில் எத்தனை அடைப்புகள் இருக்கின்றனவோ அதற்கேற்ப அளவும் கூடும். அந்த அளவு உடலுக்குக் கெடுதல் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்குக் கிடைத்த நல்ல ஆதாரம், 2006இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள். ஒன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 குழந்தைகளிடம் நடந்தது. இன்னொன்று போர்ச்சுகலின் லிஸ்பனில் 507 குழந்தைகளிடம். குலுக்கல் முறையில் சிலருக்கு அமால்கமும் மற்றவர்களுக்குக் காம்போசிட்டும் போட்டுவிட்டு, பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அமால்கம் போட்ட குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் அறிவுத்திறன், நினைவாற்றல், நரம்பு இயக்கம் எதிலும் இரண்டு குழுக்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

மீனில் சேரும் பாதரசத்தையும் இதையும் பலர் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மீனில் இருப்பது மெத்தில் பாதரசம், குடலிலிருந்து எளிதாக உடலில் ஏறக்கூடியது. அடைப்பிலிருந்து வருவது தனிமப் பாதரசத்தின் ஆவி. அமால்கத்தின் ஒரு துணுக்கைத் தெரியாமல் விழுங்கிவிட்டால், அது பெரும்பாலும் மலத்தோடு வெளியே போய்விடும்.

யாருக்கெல்லாம் வெள்ளி வேண்டாம் என்று சொல்கிறார்கள்?

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 செப்டம்பரில் ஒரு பட்டியல் வெளியிட்டது. கர்ப்பிணிகள், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் (குறிப்பாக ஆறு வயதுக்குக் கீழே), நரம்பு மண்டல நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்கள், பாதரசமோ அமால்கத்தில் உள்ள மற்ற உலோகங்களோ ஒத்துக்கொள்ளாதவர்கள். இவர்களுக்கு முடிந்தவரை வேறு பொருளைப் பயன்படுத்தச் சொல்கிறது. இவர்களுக்குக் கெடுதல் நிரூபணமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பாதரசத்தின் பாதிப்பு இவர்களுக்குக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு என்பதால் எடுக்கும் முன்ஜாக்கிரதை.

கர்ப்ப காலத்தில் சொத்தை வலித்தால் பிரசவம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டாம். அடைப்பதற்குத் தடை இல்லை, பொருளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை நாற்காலியில் படுத்திருப்பது தாய்க்கும் சுலபம்.

வெள்ளி அடைப்பை உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள் என்கிறார்களே?

அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. நார்வே 2008இலும் ஸ்வீடன் 2009இலும் நிறுத்தின. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையிலிருந்து 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் தவிர்க்கச் சொன்னது. 2025 ஜனவரி 1 முதல் எல்லாருக்குமே நிறுத்திவிட்டது. மருத்துவக் காரணத்தால் தவிர்க்கவே முடியாத நிலையில் மட்டும் விலக்கு. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகள், 2034க்குள் பல் அமால்கத்தை முழுவதுமாகக் கைவிட 2025 நவம்பரில் ஒப்புக்கொண்டன.

இந்தத் தடைகளின் பின்னால் பெரும்பாலும் சுற்றுச்சூழல் பற்றிய கவலைதான் இருக்கிறது. மருத்துவமனைக் கழிவுநீரில் கலக்கும் அமால்கத் துகள்களிலிருந்தும், தகன மேடையின் புகையிலிருந்தும் பாதரசம் நீருக்கும் காற்றுக்கும் போய்ச் சேர்கிறது. "நாடே தடை செய்துவிட்டது, என் வாயில் நாலு இருக்கிறதே!" என்று பதறி வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பழைய வெள்ளி அடைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. எடுத்துவிட்டு வெள்ளை போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் வெள்ளி அடைப்பைப் பாதரச பயத்துக்காக எடுக்கச் சொல்லி எஃப்.டி.ஏ.வும் பரிந்துரைக்கவில்லை. அதைக் குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி வழக்கத்தைவிட அதிகமாகக் கிளம்பும். அதோடு, ஒவ்வொரு தடவை அடைப்பை மாற்றும்போதும் சுற்றியிருக்கும் பல்லிலிருந்து கொஞ்சம் போகும். குழி பெரிதாகும், நரம்புக்கு இன்னும் பக்கத்தில் போகும். முதலில் சின்ன அடைப்பு, அப்புறம் பெரிய அடைப்பு, அப்புறம் வேர் சிகிச்சை, அதன்மேல் கேப் என்று ஒரு பல் போகும் பாதையில், காரணமில்லாமல் ஒரு படி முன்னால் தள்ளி வைத்தது போல ஆகும்.

மாற்ற வேண்டிய காரணங்கள் தெளிவானவை: ஓரத்தில் புதிதாகச் சொத்தை, அடைப்பிலோ பல்லிலோ விரிசல், அடைப்பு ஆடுவது, அதை ஒட்டியுள்ள கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளைக் கோடுகளாகப் படரும் ஒவ்வாமைப் புண். கறுத்திருப்பதோ ஓரம் லேசாகத் தேய்ந்திருப்பதோ தனியாகக் காரணம் ஆகாது. பேசும்போது தெரிவது மனதை உறுத்துகிறது என்றால் அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன், அது உங்கள் முகம். ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் என்ன கவனிக்க வேண்டும்?

பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்ட வேண்டும். நிறையத் தண்ணீர் பீய்ச்சி, வேகமாக உறிஞ்சும் குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, பொடிப்பொடியாக அரைக்காமல் துண்டுகளாக வெட்டி எடுக்க வேண்டும். அவ்வளவுதான். உடலிலிருந்து பாதரசத்தை வெளியேற்றுகிறோம் என்று மருந்தோ ஊசியோ விற்பவர்களிடம் போக வேண்டாம். உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்துகள் கடும் உலோக நச்சுக்குத் தருபவை. அவை சிறுநீரகத்தையும் உடலின் கால்சிய அளவையும் பாதிக்கக்கூடியவை.

வெள்ளை அடைப்பும் பிளாஸ்டிக்தானே? அது மட்டும் பாதுகாப்பானதா?

நியாயமான கேள்வி. சில காம்போசிட்டுகளில் பி.பி.ஏ. என்ற வேதிப்பொருள் எச்சமாக மிக நுண்ணிய அளவில் இருக்கும். போட்ட அன்று எச்சிலில் அது கொஞ்சம் தென்படும், அப்புறம் குறைந்துவிடும். இறுகாமல் மேலே தங்கும் மெல்லிய பிசின் படலத்தைத் துடைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் அதுவும் பெரும்பகுதி போய்விடும். ரெசின் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அவர்கள் எண்ணிக்கை குறைவு. செயற்கை நகம் ஒட்டும் பசையால் எப்போதாவது தோல் அரித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டும் ஒரே குடும்பத்து வேதிப்பொருட்கள்.

வெள்ளை போட ஏன் இவ்வளவு நேரமும் கூடுதல் கட்டணமும்?

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் புரிந்துவிடும். சொத்தையை எடுத்த பிறகு பல்லைத் தனிமைப்படுத்த வேண்டும். ரப்பர் டேம் கட்டினால் நல்லது, இல்லாவிட்டால் பஞ்சும் உறிஞ்சும் குழாயும். அமிலக் களிம்பைத் தடவி, 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவுவார்கள். காற்றை ஊதும்போது எனாமல் சுண்ணாம்பு பூசியது போல மங்கலாகத் தெரிந்தால் அமிலம் சரியாக வேலை செய்திருக்கிறது. எனாமலுக்கு அடியில் இருக்கும் அடுக்கான டென்டினை அந்த அளவுக்கு வறட்டக் கூடாது. எனாமல் உலர்வாகவும் டென்டின் லேசான ஈரத்தோடும் இருக்க வேண்டும். ஒரே குழிக்குள் இரண்டு விதமான ஈரப்பதம்! அப்புறம் பசையைத் தேய்த்து, காற்றால் மெலிதாக்கி, ஒளி காட்ட வேண்டும்.

இதற்கப்புறம்தான் காம்போசிட் வைப்பது. இறுகும்போது அது கனஅளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். ஒரேயடியாகக் குழியை நிரப்பினால் அந்தச் சுருக்கம் அடைப்பை ஓரத்திலிருந்து பிரித்துவிடலாம், பல்லின் சுவரையே உள்பக்கமாக இழுக்கவும் செய்யும். ஒளியும் ஓரளவு ஆழம் வரைதான் எட்டும். ஆகவே சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் தனியாக ஒளி காட்டுவார்கள். ஒரே வீச்சில் நான்கு மில்லிமீட்டர் வரை நிரப்பும் வகைகளும் இப்போது உண்டு. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு துளி எச்சில் வழிந்து உள்ளே போனால், கழுவி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அமால்கத்துக்கு இந்தப் பாடு இல்லை. லேசான ஈரத்தை அது மன்னித்துவிடும். காலப்போக்கில் அதன் ஓரத்தில் சேரும் துருப்படிவம் இடுக்கை அடைத்துக்கொள்ளவும் செய்யும். அவசரமாகப் போட்ட வெள்ளி பல வருடம் ஓடும், அவசரமாகப் போட்ட வெள்ளை ஓடாது. வெள்ளையை நோயாளி எழுந்து ஓடும் வேகத்தில் போட்டு முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மருத்துவரிடம் என்னவெல்லாம் கேட்கலாம்?

"சொத்தையின் ஓரம் ஈறுக்குக் கீழே போகிறதா? இந்தப் பல்லை உலர்வாக வைக்க முடியுமா? ரப்பர் டேம் கட்டுவீர்களா? அடைத்த பிறகு பல்லின் சுவர் தாங்குமா?" இவ்வளவு கேட்டால் போதும். நல்ல மருத்துவர் எக்ஸ்ரே படத்தைத் திருப்பிக் காட்டி விளக்குவார். தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம், வாய் உலர்ந்து போவது, தினசரி சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை பற்றியெல்லாம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

பெரிய குழிக்கு எது நல்லது?

குழி, பல்லின் மேல்பரப்பு அகலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டால், வெள்ளையா வெள்ளியா என்ற கேள்வியே கொஞ்சம் பின்னால் போய்விடும். மீதி நிற்கும் மெல்லிய சுவர்கள் கடியைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒட்டாத அமால்கம் சுவர்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளாது. பெரிய வெள்ளி அடைப்பு இருக்கும் பல் ஒருநாள் எதையோ கடிக்கும்போது பட்டென்று பக்கவாட்டில் பிளந்துகொள்வது அடிக்கடி நடப்பது. காம்போசிட் ஒட்டிப் பிடிக்கும், ஆனால் குழி பெரிதாக ஆக அதன் சுருக்கமும் தேய்மானமும் கூடிக்கொண்டே போகும். இந்த மாதிரிப் பல்லுக்கு, பல்லின் மெல்லும் பரப்பையும் சேர்த்து மூடும் ஆன்லேயோ கேப்போதான் சரி. கேப் வேண்டாம் என்று முதலில் பணத்தை மிச்சம் பிடித்து, பிறகு வேர் வரை பிளந்த பல்லைப் பிடுங்குவது பெரிய இழப்பு.

குழந்தையின் பால் பல்லை அடைக்க வேண்டுமா? எதனால்?

"விழப்போகிற பல்தானே" என்று விடக்கூடாது. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும். சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிலையான பல்லையும் கெடுக்கும். சீக்கிரம் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அழும் குழந்தையிடம் காம்போசிட்டுக்குத் தேவையான உலர்வு கிடைப்பது கடினம். அங்கேதான் கிளாஸ் அயனோமர் கைகொடுக்கும். பல பக்கங்களில் சொத்தை இருந்தால் முன்கூட்டியே செய்துவைத்த ஸ்டீல் கேப் நன்றாக உழைக்கும். பார்க்க அழகில்லை என்று பெற்றோர் தயங்குவது புரிகிறது, ஆனால் பல் விழும் வரை தொந்தரவு தராமல் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

வயதானவர்களுக்கு ஈறு இறங்கி, வேரோரம் சொத்தை விழுகிறதே?

அந்த இடத்தில் எனாமல் இல்லை, ஈறிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். அங்கேயும் கிளாஸ் அயனோமர் பெரும்பாலும் பொருத்தம். மருந்துகளால் எச்சில் குறைந்திருந்தால் அடைப்பு மட்டும் போதாது, ஃபுளோரைடு கூடுதலாக உள்ள பற்பசையோ பல்லில் பூசும் வார்னிஷோ சேர்க்க வேண்டும்.

போட்ட பிறகு பல் கூசுகிறது. ஏதோ தப்பா?

குளிர்ந்தது பட்டால் சில நாட்கள், சில சமயம் இரண்டு மூன்று வாரம் சுருக்கென்று இருப்பது இரண்டு வகையிலும் வழக்கம். உலோகம் சூட்டையும் குளிரையும் சீக்கிரம் கடத்துவதால் வெள்ளியில் இது கொஞ்சம் அதிகம். நாளாக நாளாகக் குறைந்துவந்தால் கவலை இல்லை.

கடிக்கும்போது மட்டும் வலித்தால், பெரும்பாலும் அடைப்பு ஒரு மயிரிழை உயரமாக இருக்கும். மரத்துப்போன வாயோடு "சரியா இருக்கா, கடிச்சுப் பாருங்க" என்றால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. மரப்பு தெளிந்த பிறகு அந்தப் பல் முதலில் முட்டுவது போலத் தோன்றினால் சங்கடப்படாமல் திரும்பப் போங்கள். வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, நிறம் அழுத்தமாகப் பதிந்த புள்ளியைத் தேய்த்துவிடுவார்கள், ஐந்து நிமிட வேலை. தானாகவே விட்டு விட்டு வலிப்பது, இரவில் தூக்கத்தைக் கெடுப்பது, சூடானது பட்டு நெடுநேரம் வலிப்பது, வீக்கம், இவையெல்லாம் வேறு. நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

அடைத்த பல்லுக்குப் பக்கத்தில் உணவு சிக்கிக்கொண்டே இருக்கிறது.

இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. இரண்டு பல்லுக்கு நடுவில் அடைக்கும்போது பக்கத்துப் பல்லோடு இறுக்கமான தொடுபுள்ளி அமைய வேண்டும். அமால்கத்தை அழுத்தி நிரப்பும்போது அது பக்கவாட்டில் தள்ளி நின்றுகொள்ளும். காம்போசிட் அப்படித் தள்ளாது. வளைந்த உலோகத் தகடு, ஆப்பு, வளையம் எல்லாம் வைத்து மருத்துவர்தான் அந்த இறுக்கத்தை உண்டாக்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம்: பல் இடுக்கு நூலை உள்ளே விடும்போது 'டிக்' என்று ஒரு தடை தெரிந்து இறங்க வேண்டும். தடையே இல்லாமல் நழுவினால் இடைவெளி இருக்கிறது. நூல் பிரிபிரியாகக் கிழிந்து வந்தால் அடைப்பின் விளிம்பு பிதுங்கி நிற்கிறது. இரண்டையுமே சரிசெய்யச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியே விட்டால் ஈறும் கெடும், பக்கத்துப் பல்லிலும் சொத்தை விழும்.

எப்போது சாப்பிடலாம்?

காம்போசிட் ஒளியிலேயே இறுகிவிடுவதால் மரப்பு தெளிந்ததும் சாப்பிடலாம். அதற்கு முன் சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். அமால்கம் முழு பலம் பெற ஒரு நாள் ஆகும், அதுவரை அந்தப் பக்கம் கடினமானதை மெல்ல வேண்டாம்.

வெள்ளை நிறம் மாறுமா?

நாளடைவில் மாறும். காபி, தேநீர், புகையிலை எல்லாம் ஓரங்களில் கறை ஏற்றும். மேலோட்டமான கறையைப் பாலிஷ் செய்து எடுக்கலாம். பல்லை வெளுக்க வைக்கும் ப்ளீச்சிங் அடைப்பை வெளுக்காது. அந்த எண்ணம் இருந்தால் முதலில் பல்லை வெளுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதற்குப் பொருந்தும் நிறத்தில் அடைத்துக்கொள்ளுங்கள். உடனே அடைத்தால் பசை சரியாகப் பிடிக்காது.

உலோக அடைப்போடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

தாராளமாக. அமால்கத்தைக் காந்தம் இழுக்காது. முகத்தைப் படம் எடுக்கும்போது அடைப்பைச் சுற்றி லேசாக மங்கலாகலாம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெள்ளை அடைப்பின் ஒரு மூலை உடைந்துவிட்டது. முழுவதையும் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். காம்போசிட்டின் பெரிய நன்மை இது. பழையதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, உடைந்த இடத்தில் மட்டும் புதிதாக ஒட்ட வைக்கலாம். அடியில் சொத்தை இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். முழுவதையும் மாற்றச் சொன்னால் "பேட்ச் போட முடியாதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு மருத்துவர் உடனே அடைக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

குழி விழுந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சொத்தையின் முதல் கட்டத்தில் எனாமல் வெளிறி, சுண்ணாம்பு போன்ற ஒரு புள்ளி தெரியும். மேற்பரப்பு உடையாமல் இருந்தால் ஃபுளோரைடும், நல்ல துலக்கலும், அடிக்கடி இனிப்பு தின்னாமல் இருப்பதும் அதை அங்கேயே நிறுத்திவிடும். எச்சிலில் உள்ள தாது உப்புகள் ஓரளவு திரும்பவும் படியும். அந்த நிலையில் எந்த அடைப்பும் தேவையில்லை. எக்ஸ்ரேயில் நிழல் டென்டினுக்குள் இறங்கி, மேலே ஓட்டையும் விழுந்துவிட்டால் பொறுப்பதில் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றில்தான் மருத்துவர்களின் கருத்து வேறுபடும். பொறுத்துப் பார்க்கலாம் என்ற முடிவுக்கு வந்தால், அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று தேதி குறித்துக்கொண்டு வாருங்கள்.